கால் பெட்டிச் சூத்திரம்: ஒரு விருத்தியுரை

பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட்டின் குளிர் அலமாரியில் விற்கும் ஆப்பிள் கிரம்பிள் பெட்டியின் முதுகில் ஒரு சூத்திரம் அச்சாகியிருக்கிறது. சூத்திரம் சுருங்கச் சொல்ல வேண்டும் என்பது நம்மவர் இலக்கணம். சின்ன ‘எக்ஸ்’ எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் சட்டம். இரண்டுக்கும் கட்டுப்பட்ட இந்நூலுக்கு உரை ஒன்றும் என் கண்ணில் படாததால், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நானே துணிந்தேன்.

முதலில் பொருள். புட்டுக்கு மாவு பிசிறுவது போல மைதாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் விரலால் பிசிறி, பழத்துண்டுகளின் தலையில் தூவிச் சுட்டெடுப்பது கிரம்பிள். பழம் பெரும்பாலும் பிராம்லி. நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதை மரமானது. பிற்பாடு அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்காரரின் பெயர் பழத்துக்கு ஒட்டிக்கொண்டது. நட்டவர் ஒருவர், பேர் ஒருவருக்கு. உரையாசிரியர்களுக்கு இது புதிதல்ல. பழமோ கண்ணைச் சுருக்கவைக்கும் புளிப்பு. ஆகவே சர்க்கரை, ஆகவே இந்த ஆய்வு.

இனி மூலபாடம். நான் எடுத்துக்கொண்ட பெட்டியின் எடை 500 கிராம், ‘நால்வருக்கு’. நூறு கிராமில் ஆற்றல் 237 கிலோகலோரி, கொழுப்பு 8, அதில் நிறைவுற்றது 4.6, மாவுச்சத்து 38, அதில் சர்க்கரை 21.5, நார் 1.8, புரதம் 2.4, உப்பு 0.2. ஆப்பிள் 57 விழுக்காடு.

237 என்று எப்படிக் கண்டார்கள்? கிரம்பிளை யாரும் எரித்துப் பார்ப்பதில்லை. கொழுப்புக்கு ஒன்பது, மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் நான்கு, நாருக்கு இரண்டு என்று பெருக்கிக் கூட்டுவதே வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்த வழி அது. கூட்டிப் பார்த்தேன், சரியாகவே வருகிறது. மைதாவுக்குப் பக்கத்து அடைப்புக்குறியில் கால்சியம் கார்பனேட், இரும்பு, நியாசின், தயமின் என்று வரும். அவற்றை மாவில் சேர்க்கச் சொல்வது அந்நாட்டுச் சட்டம். வெற்றிலை போடாத ஊரில் சுண்ணாம்புக்கல்லை எப்படியோ உள்ளே அனுப்பிவிடுகிறார்கள்.

இதுவரை உரை எளிது. இடர்ப்பாடு ‘கால்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. பெட்டியின் முகத்தில் போக்குவரத்து விளக்கு வண்ணங்களில் கட்டங்கள் உண்டு. அவற்றுள் பெட்டி அறிவிப்பது கால் பங்கின் கணக்கு, அதாவது 125 கிராம். சர்க்கரை 26.9 கிராம், நிறம் மஞ்சள். விதி என்னவென்றால் நூறு கிராமில் 22.5 கிராமைத் தாண்டினாலோ, நூறு கிராமுக்கு மேற்பட்ட பரிமாறலில் 27 கிராமைத் தாண்டினாலோ சிவப்பு. இரண்டு கோட்டுக்கும் இப்பக்கம், மயிரிழையில் நிற்கிறது நம் பெட்டி. தற்செயல் என்று ஒரு சாரார் கொள்வர். அற்றன்று, கால் என்னும் அளவே இதனால் பிறந்தது என்பது என் துணிபு. ஐந்தால் வகுத்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார், மூன்றால் வகுத்தால் விளக்கு சிவக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பவர் மூவர். நான்காமவர் யார் என்று சூத்திரம் சொல்லவில்லை. நன்னூலார் இதை உய்த்துணர வைப்பு என்பார். மூன்றாக வெட்டினால் ஒருவருக்கு 167 கிராம், சர்க்கரை ஏறத்தாழ 36. கரண்டி இரண்டங்குலம் நகர்ந்ததில் மஞ்சள் சிவப்பாகிவிட்டது, பண்டத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே. இதற்கு எதிர்வாதமும் உண்டு. தினம் ஐந்து முறை பழமும் காயும் உண்ணச் சொல்லும் அந்நாட்டு அறிவுரையில் ஒரு முறை என்பது 80 கிராம். கால் பங்கில் ஆப்பிள் 71 கிராம்தான். மூன்றில் ஒரு பங்கில் 95. அடக்கமாக உண்டவருக்குப் பழக்கணக்கில் ஒன்றும் தேறாது. அள்ளிக்கொண்டவருக்கு ஒரு முறை முழுசாக வரவாகும். இந்த நியாயத்தை என் மனைவியிடம் எடுத்துரைத்தபோது கிடைத்த விடை ஆய்வுக்குப் பயன்படாதது.

அடுத்து ‘சர்க்கரை’ என்ற சொல். கால் பங்கின் 26.9 கிராம், பெரியவருக்கான ஒருநாள் ஒப்பீட்டு அளவான 90 கிராமில் 30 விழுக்காடு என்கிறது பெட்டி. 2015இல் வந்த அரசு ஆலோசனைக் குழுவின் அறிக்கையோ நாளுக்கு 30 கிராம் என்கிறது. அப்படிப் பார்த்தால் 90 விழுக்காடு. மாறுகொளக் கூறலா? அன்று. பெட்டி எண்ணுவது மொத்தச் சர்க்கரை. குழு எண்ணுவது பழத்தின் உடலுக்குள் அடங்கியதை நீக்கிய பாக்கி. துண்டாக வெந்த ஆப்பிளின் சர்க்கரை நிரபராதி. அதே ஆப்பிளை மசித்துக் கூழாக்கினால் அது குற்றவாளி. கிரம்பிளுக்குள் வெந்த பிராம்லியோ பாதி துண்டு, பாதி கூழ். எங்கே துண்டு முடிகிறது, எங்கே கூழ் தொடங்குகிறது என்று முள்கரண்டியால் எல்லை வகுக்க முயன்றேன். ஆறிப்போனதுதான் மிச்சம்.

இந்தப் பண்டம் போர்க்காலப் பங்கீட்டு நாட்களில் வீடுதோறும் பரவியது என்பர். சர்க்கரைக்குப் பங்கீடு 1940 ஜனவரியில் தொடங்கி 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. வாரத்துக்கு ஆளுக்கு 8 அவுன்ஸ் என்பது வழக்கமான அளவு, 227 கிராம். இன்றைய அறிவுரைப்படி வாரக்கணக்கு 210. கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்ததைவிட, அலமாரி நிரம்பி வழியும் காலத்தில் குறைவாக உண்ணச் சொல்கிறார்கள். அன்று சர்க்கரையைப் பூட்டி வைத்தது அரசு. இன்று அந்த வேலையை ஒரு மஞ்சள் கட்டம் பார்க்கிறது.

கஸ்டர்ட் பற்றிச் சூத்திரம் மௌனம். முகப்புப் படத்தில் மட்டும் கிரம்பிள் மேல் தாராளமாக ஊற்றியிருக்கிறது, கீழே ‘பரிமாறும் யோசனை’ என்ற சிற்றெழுத்துடன்.

களஆய்வு ஒன்று எஞ்சியது. சென்ற சனிக்கிழமை சூத்திரம் சொன்னபடியே நான்காக வெட்டி, மூவரும் மஞ்சளிலேயே நின்றோம். நான்காம் பங்கு இரவு பதினொன்றரைக்குக் குளிர்பதனப் பெட்டியில் இருந்ததற்குச் சாட்சி உண்டு. காலையில் அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்ந்திருந்தது. உரையாசிரியர் அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தார் என்பதைத் தவிர வேறு தரவு இல்லை.