மரை கழண்ட மீட்டிங்

நேற்று மாலை, அம்பத்தூர் எஸ்டேட்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் வாயைத் திறந்தார். "காலைல டச் பேஸ் பண்ணிடலாம். ஒரு பால்பார்க் ஃபிகர் ரெடியா வெச்சுக்குங்க." தலையாட்டினோம். ஆட்டாவிட்டால் அப்ரைசலில் தெரியும்.

ஆங்கிலத்தின் உருவகங்களைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம் சொல்லவேண்டும். தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணி வைத்திருக்கிறதே, அதை ஒட்டியது. வருகிறேன். அதற்கு முன் இந்த பேஸ்பால்.

பேசிக்கொள்வது டச் பேஸ், பேஸ்பால். குத்துமதிப்புத் தொகை பால்பார்க், பேஸ்பால். கிளையன்ட் திடீரென்று எதையாவது கேட்டால் கர்வ்பால். சம்பந்தமில்லாத யோசனை லெஃப்ட் ஃபீல்டிலிருந்து வரும். பொறுப்பேற்க முன்வந்தால் ஸ்டெப் அப் டு த பிளேட். பசி நேரத்தில் இதைச் சொன்னால் எனக்கு எஸ்டேட் வாசல் தள்ளுவண்டிதான் கண்ணில் தெரிகிறது. ஆர்டர் கிடைத்தால் ஹோம் ரன். பாடியிலிருந்து பட்டாபிராம் வரை ஒருவர் கையிலும் பேஸ்பால் மட்டையை நான் பார்த்ததில்லை. மேனேஜரே திருமுல்லைவாயில் காலி மனையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடி, ஒன் பிட்ச் கேட்சுக்குச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு வளர்ந்தவர். ஸ்டிக்கி விக்கெட் என்று வெள்ளைக்காரன் கிரிக்கெட்டிலிருந்தும்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதைத் தொடமாட்டார். அமெரிக்கக் கிளையன்டுக்குப் புரியாதாம். எங்களுக்குப் புரிவது பற்றி அவருக்கு எப்போதுமே கவலை இல்லை.

ஆவடியிலிருந்து வரும் ஒரு தம்பி, ப்ராஜெக்ட் ஊற்றிக்கொண்டதை மேனேஜர் பாஷையிலேயே வீட்டில் "ப்ராஜெக்ட் டாங்க் ஆயிடுச்சுப்பா" என்றிருக்கிறான். அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனவர். 1965-லிருந்து விஜயந்தா டாங்க் செய்த இடம். "நாங்க செஞ்ச டாங்க் ஓடுச்சுடா" என்றாராம்.

பூந்தமல்லிக்காரர்களிடம் டனல் முடிவில் வெளிச்சம் தெரிகிறது என்கிறார் மேனேஜர். அந்தப் பக்கம் மெட்ரோ முழுக்கத் தூண்மேல் போகிறது, டனலே கிடையாது.

லேத் பட்டறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். "மரை கழண்ட கேஸு", "கியர் விழல" என்று சொன்னால் டீக்கடை வரைக்கும் புரியும். ஆனால் அப்படிப் பேசினால் கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது என்று எழுதிவிடுவார்.

தண்டியலங்காரம் விஷயத்துக்கு இடமில்லை. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரிடம் தொகையையும் தேதியையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதற்குத் தலையாட்டினால் போதும்.