கண் வைக்கும் அம்மையார்

அமெரிக்கப் புறநகர்களில் அக்டோபர் 31 அன்று மாலை, பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடமிட்ட குழந்தைகள் பையை விரித்துக்கொண்டு வீடுவீடாக ஏறி இறங்கும் ஹாலோவீன் வழக்கத்தில், மற்ற வீட்டார் சின்னஞ்சிறு சாக்லேட்டுகளை அள்ளிப் போட்டுக் கதவைச் சாத்திவிட, ஒரு வாசலில் மட்டும் வரிசை நகராமல் நிற்குமாயின், அது கைவேலை அம்மையாரின் வாசல் என்று கொள்ளலாம். இவர் மிட்டாய் தருபவர் அல்லர். தம் கையால் செய்த, தின்ன முடியாத பரிசையே தருபவர்.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. அந்நாட்டில் ஏறத்தாழ 13 குழந்தைகளுள் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை, அதாவது நிலக்கடலை, பால், முட்டை போன்ற உணவுகளை உடல் பகையெனக் கருதி எதிர்க்கும் நிலை, இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுக்காக ‘ஃபேர்’ என்னும் உணவு ஒவ்வாமை அமைப்பு 2014இல் நாடு முழுவதும் பரப்பிய திட்டத்தின்படி, நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காய் இருக்கும் வாசலில் உணவல்லாத பரிசும் கிடைக்கும் என்பது பொருள். கடையில் வாங்கிய ஒட்டுப்படமோ ஒளிரும் குச்சியோ பென்சிலோ அதற்குப் போதும். அம்மையாருக்குத்தான் போதாது.

கைவினைக் கடைகளில் ‘கூக்ளி கண்’ என விற்கப்படுவது, வெள்ளை வட்டின்மேல் கவிந்த பிளாஸ்டிக் மூடிக்குள் கரும்பொட்டு ஒன்று தளர்வாக உருளும்படி அமைந்த சிறு பொருளாகும். செப்டம்பர் பிறந்ததும் அம்மையார் இதை ஒட்டத் தொடங்கிவிடுகிறார். கம்பளி நூல் பந்தில் ஒட்டினால் அது குட்டிப் பேய்; கழிவறைத் தாள் தீர்ந்தபின் எஞ்சும் அட்டைக்குழலுக்குக் கரிய இறக்கை வைத்து ஒட்டினால் வௌவால்; ஐஸ் குச்சியில் வெள்ளைத் துணி சுற்றி ஒட்டினால் மம்மி, அதாவது எகிப்தியர் பதப்படுத்திய பிணம். முறிந்த மெழுகு வண்ணக்குச்சிகளை உருக்கி மண்டையோட்டு அச்சில் வார்த்து, மண்டையோட்டுக்குக் கண் இராது என்னும் உடற்கூற்று நுட்பத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல் அதிலும் இரண்டை ஒட்டுகிறார். வீட்டில் அவர் கண் வைக்காத பொருள் இல்லை. சூடான பசையை உமிழும் பசைத் துப்பாக்கி ஓயும் நேரம் பார்த்துத்தான் கணவர் தம் மூக்குக்கண்ணாடியை மேசையில் கழற்றி வைக்கிறார். ஒரு விழி வானத்தையும் மற்றொன்று தரையையும் நோக்குவதால், இப்பேய்கள் எவரையும் அச்சுறுத்தாமல், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் எழுத்தர்களைப் போலக் களைத்துக் கிடக்கின்றன.

வௌவால் மனிதன் உடையணிந்த சிறுவன் அட்டைக்குழலைத் திருப்பிப் பார்த்து, உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று ஊதியும் பார்த்து, இது எதற்கு என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த அம்மையார் செய்முறையை முதலிலிருந்து விளக்குகிறார். நடைபாதையில் நிற்கும் தாய், நன்றி சொல்லும்படி மகனை மூன்றாம் முறை அதட்டுகிறார்.

ஆயினும், தம் தெருவில் நிலக்கடலை ஆகாத குழந்தை எது, பால் ஆகாத குழந்தை எது என்று பிறர் சொல்லாமலே தெரிந்து வைத்திருப்பவரும் இவரே என்பதை மறுப்பதற்கில்லை.

மறுக்க வேண்டியது வேறு. சாக்லேட்டை ஒரு கிண்ணத்திலும் பரிசை மற்றொன்றிலும் வைத்தால் எல்லாக் குழந்தையும் வரும் என்று அத்திட்டமே சொல்லியிருக்க, இவர் சாக்லேட்டை அடியோடு விலக்குவதால், அதை அறிந்துவிட்ட மற்றக் குழந்தைகள் இவ்வாசலைத் தாண்டி ஓட, ஒவ்வாமை உள்ள குழந்தை மட்டும் அட்டைக்குழலோடு தனித்து நிற்கிறது. மேலும், இவர் பெருமையுடன் தரும் விளையாட்டு மாவு, குழந்தைகள் பிசைந்து உருவம் செய்வதற்காக மைதாவில் உப்பும் வண்ணமும் சேர்த்துப் பிசைந்தது. கோதுமையோ அமெரிக்கச் சட்டம் பட்டியலிட்டுள்ள ஒன்பது முதன்மை ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்று. மூன்று வயதுக்கு உட்பட்டோரின் விளையாட்டுப் பொருளில் தொண்டையில் சிக்கும் சிறு பகுதி இருக்கலாகாது என்றும் அந்நாட்டில் விதியுண்டு. இவருடைய கண்களோ வாசற்படி இறங்குவதற்குள் உதிர்கின்றன. இதை எடுத்துச் சொன்னால், அடுத்த ஆண்டு இன்னும் வலுவான பசை வாங்குவதாக வாக்களிக்கிறார்.

மீந்தவை வீணாவதில்லை. நவம்பர் நான்காம் வியாழனன்று நன்றி நவிலல் நாள், அதாவது வான்கோழி விருந்துத் திருநாள் வருவதால், வௌவாலின் இறக்கையைப் பிய்த்துவிட்டுப் பின்புறம் இறகு செருகினால் வான்கோழி ஆயிற்று. கண் ஏற்கெனவே இருக்கிறது.