மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணாதே, பேராண்டி!

வா பேராண்டி, குந்து. மொட்டை மாடியில தோட்டம் போடப் போறியாமே? "தாத்தா, தெனமும் காலையில ஆறு மணிக்கு எழுந்து தண்ணி ஊத்துவேன், சத்தியமா"ன்னு வேற சொல்லிட்டுத் திரியறே. தோட்டம் போடு, வாணாங்கல. சத்தியம் மட்டும் பண்ணாதே. அதுவும் திருவொற்றியூர்ல குந்திக்கினு பண்ணாதே. ஏன்னு கடைசியில சொல்றேன்.

போன்ல படம் காட்டினியே, பாத்தேன். கம்பளம் விரிச்சாப்பல புல்லு. நடுவுல வெள்ளை மெத்தை போட்ட நாற்காலி. மூலையில தண்ணி கொட்டற புத்தர் சிலை. பேஷ், பேஷ். அந்தப் புத்தருக்கு ஒரு முகமூடியும் சேத்து வாங்கிடு. எதிர்ல எக்ஸ்பிரஸ் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிக்குது. அவரு ஆசையைத்தான் வுட்டவரு, மூச்சை இல்ல.

உங்க பாட்டன் காலத்துல தோட்டம்னு தனியா யாரும் போடல. வாசல்ல ஒரு பூவரசு, அதுக்குக் கீழ வலை பின்ற ஆளுங்க, அவ்ளோதான். அந்த வாசல் எங்கன்னு கேளு, கடலைக் காட்டுவேன். தெக்கேர்ந்து வடக்கே கரையோரமா நடந்து வர்ற மணலைத் துறைமுகத்துச் சுவரு மறிச்சுக்கிச்சு. தெக்க மெரினா கொழுத்துது, வடக்க நம்ம தெருவுங்களைக் கடலு தின்னுது. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் பாறாங்கல்லைக் கொட்டி வச்சிக்கினு, அதுக்குப் பேரு கடற்கரைங்கறோம். தரை போனவனுக்கு மாடிதான் தோட்டம். அதனால உன் யோசனை தப்பில்ல, உன் படம்தான் தப்பு.

ஊட்டி ரோஜா எட்டுத் தொட்டி எறக்கிக்கீறே. குளிர்ல வளந்த பொண்ணை உப்புக் காத்துல கொண்டாந்து நிறுத்தினா, இலை ஓரமெல்லாம் கருகிக்கினு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கும். இந்தக் காத்துக்குப் பழகினதுங்கதான் இங்க நிக்கும். கீழ இடம் இருந்தா பூவரசு, புன்னை, புங்கன். மேல தொட்டிக்கு நித்தியகல்யாணி, காகிதப்பூ, கத்தாழை. கடல் பக்கமா முன்வரிசையில அரளி வையி, உப்பை அது வாங்கிக்கும். அதுக்குப் பின்னால துளசி, கீரை, மிளகாய் பிழைச்சுக்கும். அரளி விஷம், கைக்குழந்தை கீற வூடு, ஞாபகம் வச்சிக்கோ.

தண்ணிக்கு இன்னா பண்ணப் போறே? போர் தண்ணியா? வாயில ஊத்திப் பாரு, கருவாட்டுக்கு உப்பே போட வாணாம். மீஞ்சூர் பக்கம் உறிஞ்சி உறிஞ்சி, 1960கள்லயே கடலு பூமிக்கு அடியில உள்ள நுழைஞ்சிடுச்சு. அப்புறம் 2010ல காட்டுப்பள்ளியில, கடல் தண்ணியிலேர்ந்து நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிதண்ணி எடுக்கற ஆலை வச்சோம். நெலத்துக்குள்ள கடலை இலவசமா வுட்டுட்டு, வெளிய கீற கடலைக் காசு குடுத்து இனிப்பாக்கறோம். நம்ம மூளைக்கு ஈடு கெடையாது. அதனால மழைத் தண்ணியப் பீப்பாயில புடி. அரிசி கழுவின தண்ணி, காய் கழுவின தண்ணி ஊத்து. ஆர்.ஓ. மெஷின் கழிச்சுத் தள்ற தண்ணிய ஊத்தாதே, அதுலதான் உப்பெல்லாம் கீது. மாசம் ஒருக்கா நல்ல தண்ணிய அடி ஓட்டை வழியா ஒழுகற வரைக்கும் ஊத்து, மண்ணுல தங்கின உப்பு கழுவிக்கினு போவும்.

மண்ணுன்னதும் மூட்டை மூட்டையா மேல ஏத்தாதே. நனைஞ்ச மண்ணு ஒரு கன அடி நாப்பது, அம்பது கிலோ வரும். கூரை தாங்குமான்னு கட்டின மேஸ்திரியக் கேளு, படத்தைக் கேக்காதே. செம்மண்ணு ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு கலந்தா எடை கொறையும். பையைத் தளத்து மேல நேரா வைக்காம செங்கல்லு மேல வையி, அடியில காத்து போவட்டும். ஓசியில கிடைக்குதேன்னு எண்ணூர் முகத்துவாரத்துச் சேத்தை அள்ளிக்கினு வராதே. அனல் மின் நிலையத்துச் சாம்பலு அதுல கீது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட வந்த எண்ணெயும் அங்கதான் படிஞ்சுது. அந்தச் சேத்துல கீரை போட்டா, தாளிக்க எண்ணெய் வாணாம்னு சந்தோஷப்படுவியா?

எருவுக்கு ஆன்லைன்ல துட்டு கட்டாதே. காசிமேட்டுல மீன் வெட்டறவங்ககிட்ட செதிலு, குடலு ஒரு கிலோ கேளு, சிரிச்சிக்கினே குடுப்பாங்க. அதுக்குச் சமமா வெல்லம் போட்டு மூடி, நிழல்ல இருபத்தோரு நாள் வுடு. தேன் மாதிரி எறங்கும். பத்து லிட்டர் தண்ணிக்கு நூறு மில்லி கலந்து தெளி. கத்தரியும் முருங்கையும் துள்ளிக்கினு வரும். மூடிய மட்டும் சரியா மூடு, இல்லேன்னா தெருப் பூனைங்க பூரா உன் மாடியில சங்கம் வச்சிடும்.

அப்புறம் தூசி. வாரம் ஒரு தடவை வெரலால இலையைத் தடவிப் பாரு. கறுப்பா ஒட்டும். ஒரு காலத்துல ராயபுரத்துல காயப்போட்ட வேட்டியே கறுப்பாத்தான் வூட்டுக்குள்ள வரும். 2011ல நீதிமன்றம் சொல்லி, சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி எறக்கறதை நிறுத்தினாங்க. தூசி ஒழிஞ்சுதான்னு கேக்கறியா? ஒழியல, எண்ணூருக்கு மாத்தல் வாங்கிக்கினு போச்சு. அதனால செடிக்கு வேர்ல மட்டும் ஊத்தாம இலையிலயும் தண்ணி அடி, அதுவும் மூச்சு வுடணும். இலையைத் துடைச்ச துணிய உடனே தொவைக்காதே, வார்டு கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வர்றப்போ அதால நாற்காலியத் தொடச்சுப் போடு. அவரும் வெள்ளை வேட்டிதானே கட்டிக்கினு வருவாரு.

நாற்காலின்னு சொன்னேனே, இரும்புல வாங்காதே. ரெண்டு மழைக்குள்ள அது துருப்புடிச்சு, உன் வெள்ளை மெத்தையில கோலம் போடும். தகரக் கொட்டாயும் வாணாம். 2016ல வர்தா புயல் அடிச்சப்போ யாரு வூட்டுத் தகரம் யாரு மாடியிலன்னு தேடிக்கினு அலைஞ்சோம். சவுக்குக் கம்பு நட்டு, கயித்தைக் கட்டி, கோவைக்கொடியும் அவரையும் ஏத்து. சித்திரை வெயில்ல மத்தியானம் கடக்காத்து எறங்கும் பாரு, அந்தக் கெழக்குப் பக்கத்துல ஒரு ஆள் போற அளவுக்கு எடைவெளி வுட்டு, அங்க ஒரு மரப் பெஞ்சு போடு. காத்துக்கு மின்சார பில்லு கெடையாது.

இப்போ சத்தியத்துக்கு வர்றேன். நம்மூர்க் கோயில்ல மகிழ மரம் கீதே, அதுதான் கதை. பூ கட்டற சங்கிலியாரைக் கட்டிக்கணும்னு ஆசைப்பட்ட சுந்தரரு, "உன்னை வுட்டுப் போவ மாட்டேன்"னு சத்தியம் பண்ணணும். பின்னால கழண்டுக்கலாம்னு ஒரு கணக்கு. "சாமி, நான் சன்னதியில சத்தியம் பண்றப்போ நீ போய் மகிழ மரத்தடியில இரு"ன்னு சிவனையே வெளிய அனுப்பினாரு. சாமி சும்மா இருப்பாரா? சங்கிலியாரு கனவுல போய், "மரத்தடியில சத்தியம் வாங்கு"ன்னு போட்டுக் குடுத்துட்டாரு. அப்புறம் திருவாரூர் ஞாபகம் வந்து சுந்தரரு ஊரைத் தாண்டினாரு, ரெண்டு கண்ணும் போச்சு. மாசித் திருவிழாவுல இன்னும் மகிழடி சேவைன்னு அதை நடத்திக்கினு கீறாங்க.

அவரு கண்ணு திரும்ப வந்துது. நீ லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள காஞ்சு போன செடி திரும்ப வராது. அதனால மொதல்ல ரெண்டு தொட்டி, ஒரு பெஞ்சு. ஆறு மாசம் அது ரெண்டும் உசுரோட இருந்தா அப்புறம் இன்னும் ரெண்டு வாங்கு. உனக்குப் பதிலா தண்ணி ஊத்தற பக்கத்து வூட்டு ஆளு, சாயங்காலம் வந்து அந்தப் பெஞ்சுல குந்தற ஆளு, இவங்களை இப்பவே சேத்து வையி. சாமியே கருவறையை வுட்டுட்டு மரத்தடிக்கு வந்தாரு, நீ புத்தரை மூலையில ஒண்டியா நிக்க வைக்கப் பாக்கறே.

பெஞ்சு வந்ததும் சொல்லி அனுப்பு. சுண்டல் நான் வாங்கிக்கினு வர்றேன்.