ஓடியது டோகோ, சிலை பால்டோவுக்கு

1925 ஜனவரி. அலாஸ்காவின் நோம் ஊரில் குழந்தைகளுக்கு டிப்தீரியா கண்டுவிட்டது. ஊருக்கு ஒரே டாக்டர், கர்டிஸ் வெல்ச். கையிருப்பு மருந்து காலாவதி. புதுசு அனுப்பச் சொல்லி முன்பே எழுதியிருந்தார். கடைசிக் கப்பல் வந்தது, மருந்து வரவில்லை. கேட்ட சரக்கு கேட்ட நேரத்தில் வராதது எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குள் கடலும் உறைந்துவிட்டது.

ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் 3 லட்சம் யூனிட் மருந்து அகப்பட்டது. விமானத்தில் அனுப்பலாமே என்று சிலர் குதித்தார்கள். இருந்த விமானங்களோ பனிக்காலத்துக்காகக் கழற்றி வைக்கப்பட்டவை. ஓட்டுகிறவர் தலைக்கு மேல் கூரைகூடக் கிடையாது. கவர்னர் ஸ்காட் போன் யோசித்துப் பார்த்து, நாயே மேல் என்றுவிட்டார். நெனானா வரை ரயில். அங்கிருந்து நோமுக்கு 1,085 கிலோமீட்டர். 20 பனிச்சறுக்கு வண்டி ஓட்டிகள், சுமார் 150 நாய்கள், கைமாற்றிக் கைமாற்றி ஓட்டம்.

இன்றைக்கு அலாஸ்காவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் கம்பளிக்குள் புதைந்து உட்கார்ந்து, நாய்கள் இழுக்க இழுக்க செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைய ஓட்டிக்கு உட்கார ஏது இடம்? வண்டிக்குப் பின்னால் நின்றபடி போக வேண்டும், மேடு வந்தால் இறங்கிக் கூடவே ஓட வேண்டும். முதல் ஓட்டி பில் ஷானன் தன் முறையை முடித்தபோது முகம் குளிரில் கறுத்துக் கிடந்தது.

இந்தப் படையின் நட்சத்திரம் நார்வேக்காரர் லியோன்ஹார்ட் செப்பலா. அவருடைய முன்னோடி நாய் டோகோவுக்கு அப்போது 12 வயது. நாய்க்கணக்கில் பென்ஷன் வாங்கும் வயது. குட்டியாக இருந்தபோது இது உருப்படாது என்று யாருக்கோ கொடுத்தார் செப்பலா; அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்துவிட்டது. அதற்குமேல் அவர் எதிர்த்துப் பேசவில்லை.

மருந்தை வாங்கிவர செப்பலா நோமிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பினார். அவர் கிளம்பிய பிறகு பெரியவர்கள் திட்டத்தையே மாற்றினார்கள். அவருக்குச் சொல்லத்தான் வழியில்லை. எதிரே மருந்தோடு வந்த இன்னொரு ஓட்டி இவானோஃபின் நாய்களோ கலைமானைக் கண்டு, ஊர் உயிரை மறந்து அதைத் துரத்திச் சிக்கிக் கிடந்தன. செப்பலா ஏறக்குறைய தாண்டியே போய்விட்டார். இவானோஃப் கத்தியிருக்காவிட்டால், மருந்து மேற்கிலும் அவர் கிழக்கிலுமாகப் பிரிந்திருப்பார்கள். அந்த இரவே உறைந்த நார்ட்டன் வளைகுடாமீது, காலடியில் பனிப்பாளம் எப்போது பிளக்குமோ என்ற நிலையில், டோகோ வழிகண்டு இழுத்துவந்தது. போகவர மொத்தம் 420 கிலோமீட்டர்.

கடைசி 85 கிலோமீட்டரை ஓட்டியவர் குன்னார் காசன். அவர் வண்டியின் முன்னோடி பால்டோ. அதுவும் செப்பலாவின் நாய்தான்; சுமை இழுக்கத்தான் லாயக்கு என்று அவர் விட்டுவிட்டுப் போனது! நடுவழியில் காற்று வண்டியைக் கவிழ்க்க, மருந்துப் பொட்டலம் பனியில் விழுந்தது. காசன் வெறுங்கையால் துழாவி எடுத்தார். அடுத்த ஓட்டி தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசில்லாமல் நானே ஓட்டிவந்தேன் என்பது காசன் கணக்கு. அந்த இரக்கத்தைச் சந்தேகித்தவர்களும் உண்டு. பிப்ரவரி 2 விடியுமுன் பால்டோ ஊருக்குள் நுழைய, காமிராக்காரர்களுக்கு அது போதுமாயிருந்தது.

டிசம்பரிலேயே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை. திறப்பு விழாவுக்குப் பால்டோவே வந்திருந்தது. உயிரோடிருந்து தன் சிலைத் திறப்பைப் பார்க்கும் பாக்கியம் அரசியல்வாதிக்குத்தான் வாய்க்கும் என்றிருந்தேன். செப்பலாவுக்கு வயிறு எரிந்தது. அவருக்குப் பால்டோமேல் கோபமில்லை, பத்திரிகைகள்மேல்தான்.

புகழ் பால்டோவுக்கும் சோறு போடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் சில்லறைக் காசுக்குக் காட்டப்படும் பொருளாகி மெலிந்து கிடந்ததை, கிளீவ்லண்ட் மக்கள் 1927இல் 2,000 டாலர் வசூலித்து மீட்டார்கள்.

நியூயார்க் போகிறவர்கள் சென்ட்ரல் பார்க்கோடு திரும்பிவிடாதீர்கள். மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில், சீவர்ட் பார்க்கில் டோகோவுக்கும் சிறிதாக ஒரு சிலை இருக்கிறது. அலாஸ்காவை 1867இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிப்போட்ட வில்லியம் சீவர்டின் பெயர்கொண்ட பூங்கா அது.