கராஜுல நிக்கிற மூணு கம்பு

வாங்க மாப்ளே, உக்காருங்க. காபி சூடா இருக்கு. நான் ஒண்ணும் கேக்கலை. கராஜுல வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால, பழைய ஜமுக்காளத்தைச் சுத்தி மூணு தூண்டில் கம்பு நிக்குதே, அது யாருதுன்னுகூடக் கேக்கலை. எம்பொண்ணு கேட்டா ஒட்டடைக் கம்புன்னு சொல்லிடுறேன். ஏழடி உசரம் இருக்கு, நம்பிடுவா.

ஆனா நாலாவதா ஒண்ணு வாங்கப் போறேன்னு ராத்திரி போன்ல யார்கிட்டயோ சொன்னீக பாருங்க, அது காதுல விழுந்துருச்சு. எனக்குக் காது மந்தம்னு வீட்டுல எல்லாரும் முடிவு பண்ணிட்டதுல இப்படி ஒரு வசதி. ஃபினெஸ்ஸாம், பொடி இரையைப் பக்குவமா வீசுற வித்தையாம். லைட் பெய்ட்காஸ்டிங் ராடாம். பாஸ் மீனுக்கு எல்லா வித்தைக்கும் ஆகுற மாதிரி ஒரே கம்பாம்.

எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒண்ணைத் தேடுறது லேசுப்பட்ட காரியமில்லை மாப்ளே. 2011ல எம்பொண்ணுக்கு நான் அப்படித்தான் தேடுனேன். கிடைச்சதை வச்சுச் சமாளிச்சுக்கிட்டு இருக்கோம்.

கோவிச்சுக்காதீக. கம்பு பாக்குறதும் மாப்பிள்ளை பாக்குறதும் ஒரே வித்தைங்கிறதுக்காகச் சொன்னேன். ரெண்டுலயும் நாம பாக்குறது பளபளப்பை. அது போயி நிக்கிற இடம் வேற.

முதல்ல இருக்குற மூணைப் பாப்போம். ஒண்ணு, உலக்கை. ஏழரை அடி, ஹெவின்னு எழுதியிருக்கு. தண்ணிப் பாசி மேல ரப்பர்த் தவளையை இழுக்குறதுக்காம். அதைக் கடைசியில பேசுவோம். ரெண்டாவது ஸ்பின்னிங் கம்பு, விசிறிக் காம்பு மாதிரி மெலிசு. அது நல்ல பிள்ளை, அதை ஒண்ணும் சொல்லாதீக. மூணாவது பெய்ட்காஸ்டிங் கம்பு, கடையில யாரோ உங்க தலையில கட்டுனது. சிவப்பு நூலு சுத்தி, தங்கக் கலர்ல வளையம் வச்சு, கல்யாணக் குதிரை மாதிரி இருக்கு. அந்தக் குதிரை மேல ஏறி இதுவரைக்கும் ஒரு மீன்கூட வீட்டுக்கு வந்து நான் பாக்கலை.

ஏன்னு கேட்டீகளா? கேக்க மாட்டீக. நானே சொல்றேன்.

ஸ்பின்னிங் ரீலுல உருளை சும்மா நிக்கும். நரம்பு அது மேல இருந்து உருவிக்கிட்டுப் போகும். பெய்ட்காஸ்டிங் ரீலுல உருளையே சுத்தணும். அதை யாரு சுத்துறது? முனையில கட்டுன இரைதான். நீங்க கட்டுறதோ ஒரு கொட்டைப்பாக்கு எடைகூட இல்லாத ரப்பர் புழு. அது பறக்கணும்னா ரெண்டு காரியம் நடக்கணும். அந்த எடைக்குக் கம்பு நுனி வளைஞ்சு, வில்லு மாதிரி விசையைத் தேக்கி, திருப்பி உதறணும். உருளையும் லேசா இருந்து சட்டுன்னு சுத்த ஆரம்பிக்கணும். முரட்டுக் கம்புல லேசு இரையைக் கட்டுனா கம்பு வளையவே வளையாது, நம்ம கையோட வேகம் மட்டுந்தான். புழு நாலு முழம் போயித் தொபுக்குன்னு விழும். உருளை மட்டும் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். அப்புறம் உள்ள இருக்குற நரம்பெல்லாம் நூல்கண்டுல பூனை பூந்த கதைதான்.

இது எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீகளா? போன மாசம் சிவப்புக் கம்பு ரீலுல நரம்பு பாதி குறைஞ்சிருக்கேன்னு முழிச்சீகளே, அது எலி வேலை இல்லை. நீங்க ஆபீஸ் போனப்புறம் கொல்லையில நின்னு ஒரு தடவை வீசிப் பாத்தேன். அரை மணி நேரம் சிக்கெடுத்தேன். பேன் சீப்பு ஒண்ணுதான் வைக்கலை. அப்புறம் உங்க அடுப்படிக் கத்திரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. வெட்டுனதைப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில போட்டாச்சு.

அன்னைக்குத்தான் தராசை எடுத்தேன். எம்பொண்ணு கேக் செய்ய மாவு நிறுப்பாளே, அந்த பேட்டரித் தராசு. உங்க இரைப் பெட்டியில ஒரு ஈயத்தலை முள்ளு, அட்டையில 1/8 அவுன்ஸுன்னு போட்டிருந்துச்சு. எங்க வாய்ப்பாட்டுல அது அரைக்கால். 1/16 மாகாணி. 3/8 காலே அரைக்கால். திண்ணைப் பள்ளிக்கூடத்துல அடி வாங்கிப் படிச்ச கணக்கு, டெக்சஸ்ல வந்து உதவுது பாருங்க. அரைக்கால் அவுன்ஸுன்னா மூணரை கிராம். வச்சேன், தராசும் அதையே காட்டுச்சு. அந்த முள்ளுல ரப்பர் புழுவைக் கோத்து மறுபடி வச்சேன். 7 கிராம். கம்பு தூக்கி எறியுறது அட்டையில போட்டிருக்குற எடையை இல்லை மாப்ளே, புழுவும் சேத்து மொத்த எடையை. செங்கோன்னு அஞ்சு அங்குலத்துல ஒரு உப்புப் புழு வச்சிருக்கீகளே, அதுல ஈயமே கிடையாது, அதுவே ஏறக்குறைய 10 கிராம். அதனால கடைக்குப் போகுறதுக்கு முந்தி, நீங்க நெசமாவே கட்டுற இரை அஞ்சாறை இந்தத் தராசுல வச்சுப் பாருங்க. கட்டணும்னு ஆசைப்படுறதை வைக்காதீக. கட்டுறதை வைங்க. முடிச்சதும் தட்டைத் துடைச்சுடுங்க. நான் மறந்துட்டேன், அன்னைக்குக் கேக்குல கவிச்சி வாடை அடிச்சுச்சு. நீங்ககூட ரெண்டு துண்டு சாப்பிட்டீக.

இப்பக் கடை. அங்க சுவர் முழுக்கக் கம்பு நிக்கும். விலைச்சீட்டைப் பாக்காதீக, விளம்பரத்தையும் பாக்காதீக. கைப்பிடிக்கு மேல, கம்பு உடம்புலயே எறும்பு மாதிரி நாலு வரி எழுத்து இருக்கும். அதுதான் ஜாதகம். நீளம், பவர், ஆக்‌ஷன், தாங்குற இரை எடை, நரம்புப் பவுண்டு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிங்க.

இந்தப் பவரும் ஆக்‌ஷனும் ஒண்ணுன்னு பாதிப்பேரு நினைச்சுக்கிட்டிருக்கான். பவருன்னா கம்பு எம்புட்டு முரடுங்கிறது. ஆக்‌ஷன்னா எந்த இடத்துல வளையுதுங்கிறது. ஃபாஸ்ட்னா நுனிப் பக்கம் மட்டும் வளையும், கீழ அசையாது. மாடரேட்னா நடுவரைக்கும் வளைஞ்சு குடுக்கும். உங்களையே எடுத்துக்கங்க, நீங்க ஃபாஸ்ட் ஆக்‌ஷன். எம்பொண்ணு முறைச்சா நுனியில லேசா வளைவீக, 'சரிம்மா சரிம்மா'ன்னு. அடிக்கட்டை அசையாது. இல்லைன்னா கராஜுக்கு மூணாவது கம்பு எப்படி வந்துச்சு?

ஒத்தை முள்ளு வச்ச புழுவுக்கு அந்தக் குணம்தான் வேணும். நுனி லேசா இருந்தா மீன் புழுவை உறிஞ்சுறது விரலுக்குத் தெரியும். அடி கெட்டியா இருந்தா வெட்டி இழுக்கையில முள்ளு ஏறும். மூணு முள்ளு வச்ச சின்னக் கிராங்க்பெய்ட் பொம்மை மீனைக் கட்டுறப்ப மட்டும் அது கொஞ்சம் இடிக்கும், விறைப்பா இழுத்தா வாயைக் கிழிச்சுக்கிட்டு முள்ளு வந்துரும். அதுக்காக இன்னொரு கம்பு வாங்காதீக. கையைக் கொஞ்சம் தளத்துங்க, போதும்.

ஜப்பான்காரன் இதுல பெரிய வித்தைக்காரன். இந்த லேசுக் காஸ்டிங்கை ஒரு தனிச் சாஸ்திரமாவே ஆக்கி, அதுக்குன்னு தக்கை மாதிரி லேசான உருளை எல்லாம் செஞ்சு வச்சிருக்கான். அவன் ஊருக்குப் பாஸ் போனதே 1925லதானாம், இந்த நாட்டுல இருந்து கொண்டுபோயி ஆஷி ஏரியில விட்டிருக்காங்க. அப்புறம் கரையெல்லாம் தூண்டிலாப் போயி, மீனுக்குப் புத்தி வந்து, பெரிய இரையைக் கண்டாலே திரும்பிப் படுத்துக்கிச்சு. அதான் பொடி இரை. அந்த 1/16 மாகாணிக் கணக்குல எறியுற கம்பைப் பாத்துட்டு நீங்களும் ஆசைப்படுறீக. வேணாம். எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு கேக்குற ஆளுக்கு அது ஆகாது. 10 கிராம் புழுவைக் கட்டுனா பாதிக் கம்பு மூச்சு வாங்கும். மாகாணிக்குத்தான் விசிறிக்காம்பு ஸ்பின்னிங் இருக்கே, அதுக்கும் வேலை குடுங்க.

'அப்ப எல்லாத்துக்கும் ஸ்பின்னிங்கே போதாதா மாமா?'ன்னு கேப்பீக. நியாயம். ஆனா படகுத்துறைப் பலகைக்கு அடியில, ஒரு சாண் சந்துல, சத்தமில்லாமப் புழுவை இறக்கணும்னா பெய்ட்காஸ்டிங்ல பெருவிரலை உருளை மேல வச்சுத்தான் நடக்கும். விரலை அமுக்குனா நிக்கும், எடுத்தா போகும். நரம்பும் அதுல அம்புட்டா முறுக்கிக்காது. அந்த விரல் சுகத்துக்காகத்தான் இம்புட்டுப் பாடும்.

உலகத்துலயே பெரிய பாஸ் எதுன்னு பேத்தியைப் படிக்கச் சொன்னேன். 1932ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு 20 வயசு சம்சாரிப் பையன் புடிச்சது, 22 பவுண்டு 4 அவுன்ஸ். வீட்டுக்குக் கொண்டுபோயிக் குழம்பு வச்சுட்டாராம். நம்ம ஆளு! 2009ல ஜப்பான்ல பிவா ஏரியில குரிட்டாங்கிறவர் அதைவிட ஒரு அவுன்ஸ் போலக் கூடுதலாப் புடிச்சாரு. ரெண்டு அவுன்ஸாவது கூடுனாத்தான் புதுச் சாதனைங்கிறது விதியாம், அதனால ரெண்டு பேரும் சமம்னு எழுதிட்டாங்க. அவரு கட்டுனது உசுரு மீனு. ரெண்டு பேருமே ஃபினெஸ் பண்ணலை. இதை உங்க மனசு நோகணும்னு சொல்லலை. சும்மா, காபி ஆறுற வரைக்கும்.

கடைக்குப் போகையில உங்க ரீலைக் கையோட கொண்டு போங்க. வெறுங்கம்பை ஆட்டிப் பாக்குறது வேடிக்கை. ரீலை மாட்டி, ரீலுக்கு முன்னால ஒரு விரலைக் குடுத்துத் தூக்கிப் பாருங்க. நுனி தொங்குனா சாயந்தரம் மணிக்கட்டு தொங்கும். காசு குடுக்குறதுக்கு முந்தி ஒரு துளிப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு இழுங்க. உள்பக்கம் எங்கயாவது கீறல் இருந்தா பஞ்சு இழை மாட்டும். அந்தக் கீறல்தான் நாளைக்கு உங்க நரம்பை அறுக்கும். கடைக்காரப் பையன் முறைச்சா, மாமனாரு சொன்னாருன்னு சொல்லுங்க.

ரீலுல கஞ்சத்தனம் பண்ணாதீக. கனத்த உருளையை வச்சுக்கிட்டுக் கம்பை மட்டும் மாத்துறது, மாட்டை மாத்தாம வண்டிக்குச் சாயம் அடிச்ச கதை. பள்ளம் கம்மியான, லேசான உருளை, அதுல 8 இல்லை 10 பவுண்டு நரம்பு, அம்புட்டுத்தான். இந்தப் பல்லுச்சக்கர ரீலை இந்த நாட்டுல முதல்ல செஞ்சவரு கென்டக்கியில ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு கடிகாரக்காரராம், 1800களோட ஆரம்பத்துல. கடிகாரக்காரன் செஞ்ச சாமானை நீங்க அருவா ஓங்குற மாதிரி ஓங்குறீக. முள்ளில்லாத ஈயத்தைக் கட்டி, பக்கத்துத் திருகை லேசா முறுக்கி, இரை மெதுவா இறங்கித் தரையைத் தொட்டதும் உருளை நிக்குற மாதிரி வச்சுக்கங்க. பத்து நாளு கொல்லையில வாளியைக் குறி வச்சு எறியுங்க. காலையில எறியுங்க. மத்தியானம் அங்க நான் இருப்பேன்.

சரி, தீர்ப்பைச் சொல்றேன். நீளம் 6 அடி 8 அங்குலத்துல இருந்து 7 அடிக்குள்ள. மீடியம் லைட். ஃபாஸ்ட். இரை எடை 1/8ல தொடங்கி 1/2 வரைக்கும், இல்லை 3/8 வரைக்கும் எழுதியிருக்கணும். அந்த எழுத்துல ரெண்டு கடைசியையும் நம்பாதீக, நடுவுலதான் கம்பு சந்தோஷமா இருக்கும். நடுத்தர விலையிலயே நல்லது இருக்கு. விலை கூடக் கூடக் கார்பன் மெலிசாகும், கைக்குச் சுகமா இருக்கும், கார்க் கதவுல மாட்டுனா படக்குன்னும் போகும். உங்க கார்க் கதவை யாரு சாத்துறதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இதைத் தூக்கிக்கிட்டு நேரா லேக் ஃபோர்க்குக்குப் போயி நிக்காதீக. 27,000 ஏக்கருக்கு மேல தண்ணி, அதுக்குள்ள செத்த மரமெல்லாம் நின்னபடிக்கு நிக்குது. டெக்சஸ் மாநிலத்துச் சாதனை மீனே 1992ல அங்க புடிச்சதுதான், 18.18 பவுண்டு. மீடியம் லைட் கம்பும் 8 பவுண்டு நரம்பும் வச்சுக்கிட்டு மரத்துக்கு நடுவுல அதோட மல்லுக்கு நின்னா, மீன் போயிரும், நரம்பு போயிரும், நீங்க மட்டும் வீட்டுக்கு வருவீக. அங்க 16ல இருந்து 24 அங்குலம் வரைக்கும் இருக்குற பாஸைத் திருப்பித் தண்ணியில விட்டுறணும்னு வேற சட்டம். குழம்புக்கும் வழியில்லை. இந்தக் கம்புக்கு ஏத்த இடம் தெளிஞ்ச தண்ணி, கல்லுக் கரை, படகுத்துறை. சனிக்கிழமை தவாக்கோனி ஸ்டேட் பார்க்குக்குப் போவோம். ஸ்டேட் பார்க் கரையில நின்னு புடிச்சா லைசென்ஸ் வேணாமாம். அதையும் பேத்திதான் படிச்சுச் சொன்னா.

அந்தச் சிவப்புக் குதிரையை வித்துடுங்க, புதுக் கம்புக்குப் பாதிக் காசு தேறும். அந்த உலக்கையை மட்டும் வித்துடாதீக. பாசிக்கு மேல ரப்பர்த் தவளையை இழுக்குற கம்புன்னீகல்ல? எங்க கண்மாய்ல மடைக்கிட்ட அல்லியும் பாசியுமா மூடிக் கிடக்கு, அதுக்கடியில விரால் கிடக்கு. நான் ஊருக்குப் போறது அடுத்த மாசம் 14ஆம் தேதி. ஏழரை அடி ஒரே துண்டா இருக்கு, பிளேன்ல ஏத்துவானான்னு மட்டும் கொஞ்சம் விசாரிச்சு வைங்க மாப்ளே. எம்பொண்ணுக்குத் தெரிய வேணாம்.