பார்க்காத கவுனுக்கு மார்க் போடுவது எப்படி?

கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு "சாம்பார்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லத் தெரிந்த யாருக்கும் பாரிஸ் ஃபேஷன் விமர்சனம் கைவரும். ஒரே ஒரு சிரமம், அங்கே நமக்குப் பந்தி கிடையாது. இலையைப் போட்டோவில் பார்த்து உப்பைச் சொல்ல வேண்டும். பழகிவிட்டால் அதுவும் வந்துவிடும்.

முதலில் உச்சரிப்பு. பாரிஸ் ஃபேஷனின் உச்சாணிக் கொம்பை 'ஹாட் கூச்சர்' என்று ஆரம்பித்தீர்களானால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'ஹ'வை எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள். தமிழில் அந்த எழுத்தே இரவல் என்பதால் நமக்கு இதில் நஷ்டம் இல்லை. ஓட் கூட்யூர். கடைசி எழுத்தைத் தொண்டைக்குள் பாதி விழுங்குங்கள். மீன் முள் சிக்கினாற்போல் இருந்தால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது, பக்கத்தில் இருப்பவரைத் திருத்துவது. "விலை கூடின கவுனெல்லாம் ஓட் கூட்யூர் ஆகாது சார்" என்று தொடங்குங்கள். 1945 முதல் பிரான்சில் அது சட்டம் காக்கும் பெயர். காஞ்சிபுரம் என்ற பெயரைக் கண்ட சேலைக்கும் ஒட்ட முடியாது அல்லவா, அதுபோல. பாரிஸில் சொந்தத் தையற்கூடம் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 15 முழுநேர ஆட்கள் வேண்டும், வாடிக்கையாளர் உடம்பின் அளவுக்கே தைக்க வேண்டும், ஜனவரியிலும் ஜூலையிலும் தொகுப்பைக் காட்ட வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு மூச்சு வாங்குங்கள். நம்மூரில் தெருவுக்கு ஒரு பொட்டிக் போர்டில் 'கூச்சர்' என்று எழுதியிருப்பதை மட்டும் அப்போது நினைக்காதீர்கள், சிரிப்பு வந்துவிடும்.

பாடத்துக்கு 2023 ஜனவரி சீசனை எடுத்துக்கொள்வோம். கருத்துச் சொல்லக் கற்பவர்களுக்கு அதைவிடக் கொழுத்த வாரம் அமையாது. திங்கட்கிழமை காலையிலேயே சிங்கம் வந்துவிட்டது.

ஸ்கியாபரெல்லி நிறுவனத்தின் ஷோ. இடம் பெத்தி பலே அருங்காட்சியகம். வடிவமைப்பாளர் டேனியல் ரோஸ்பெரி. ஷோ தொடங்குமுன்னே கைலி ஜென்னர் நெஞ்சில் நிஜ அளவுச் சிங்கத் தலை ஒன்றுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிடரி, மீசை, பல் எல்லாம் அச்சு அசல். பிறகு அதே மாதிரிச் சிங்கத்துடன் மேடையில் மாடல் இரினா ஷேக் நடந்தார். ஷாலோம் ஹார்லோ பனிச்சிறுத்தையோடு, நவோமி கேம்ப்பெல் ஓநாயோடு. ஃபோம், ரெசின், கம்பளி, பட்டில் செய்த பொய் ரோமம் ஆகியவற்றில் கையால் வார்த்து வரைந்தவை, எந்த மிருகத்துக்கும் தீங்கில்லை என்று நிறுவனம் அன்றே சொல்லிவிட்டது.

இதற்குக் கருத்துச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொதிப்பது. வேட்டையாடிய மிருகத்தின் தலையைச் சுவரில் மாட்டும் பழக்கத்துக்கு இது விளம்பரம் என்று அன்று உலகமே கொதித்தது. நீங்களும் கொதிக்கலாம், ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. விலங்குரிமைக்காரர்களே வந்து உங்களைக் கைவிட்டுவிடுவார்கள். பீட்டா அமைப்பின் அப்போதைய தலைவர் இங்க்ரிட் நியூகர்க் அந்தத் தலைகளைப் பாராட்டினார். சிங்கத்தின் அழகைக் கொண்டாடுகிறது, வேட்டைக்கு எதிரான குரலாகக்கூட இருக்கலாம் என்பது அவர் பார்வை. வக்கீலே எதிர்க்கட்சி பக்கம் போய் உட்கார்ந்தால் வழக்கை எப்படி நடத்துவது?

அதனால் இரண்டாவது வழிதான் பத்திரம்: மூலநூலைச் சொல்லிவிடுவது. "இது தாந்தேயின் இன்ஃபெர்னோ. காட்டில் வழிமறிக்கும் மூன்று மிருகங்கள்: சிறுத்தை, சிங்கம், பெண் ஓநாய். காமம், கர்வம், பேராசை." ரோஸ்பெரியே சொன்ன விளக்கம்தான் இது. ஆனால் நீங்களாகக் கண்டுபிடித்ததுபோல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்லுங்கள். யாரும் தாந்தேயைப் படித்திருக்கமாட்டார்கள். படித்தவர் ஒருவர் அகப்பட்டால் உடனே பேச்சை டோஜா கேட் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அந்தப் பாடகி அதே ஷோவுக்கு உடம்பு முழுக்கச் சிவப்பு பூசி, அதன்மேல் 30,000 ஸ்வரோவ்ஸ்கி கற்களைக் கையால் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒப்பனைக் கலைஞர் பாட் மெக்ராத்தும் குழுவும் ஏறக்குறைய 5 மணி நேரம் ஒட்டினார்கள். விமர்சகப் பெருமக்கள் இதற்கு என்ன சொன்னார்கள் தெரியுமா? கண்ணிமையில் பொய் முடி வைக்கவில்லையே என்றார்கள். முப்பதாயிரம் கல்லைப் பார்த்துவிட்டு இமைமுடியைத் தேடிய அந்தக் கண்ணைத்தான் நாம் குருவாகக் கொள்ள வேண்டும். டோஜா கேட் சளைக்கவில்லை. அதே வாரம் விக்டர் அண்ட் ரோல்ஃப் ஷோவுக்குப் பொய் இமைமுடிகளையே மீசையாகவும் தாடியாகவும் ஒட்டிக்கொண்டு வந்தார். விமர்சனத்துக்கு விமர்சகர் கண்முன்னே கிடைத்த பதில்களில் இதற்கே என் முதல் மார்க்.

விக்டர் அண்ட் ரோல்ஃப் ஷோவில் புதிதாகப் பழகுபவர்கள் வழுக்கி விழுவார்கள். இள வண்ண வலைத்துணியில், சின்ன இடுப்பும் பெரிய பாவாடையுமாகத் தேவதைக் கதை கவுன்கள். ஆனால் ஒன்று தலைகீழாக நிற்கிறது, பாவாடை விளிம்பு மாடலின் தலைக்கு மேலே. ஒன்று குறுக்காக, ஒருக்களித்து. இன்னொன்று போட்டிருப்பவரை விட்டு விலகி, அவருக்கு முன்னால் தானாக நடந்துபோகிறது. "இதை எங்கே போட்டுக்கொண்டு போவது?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். இந்த ஒரு கேள்வி உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். தேர்த்திருவிழாவில் போய் "இந்தத் தேர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்று கேட்பதற்குச் சமம். அதற்குப் பதிலாக, "உடம்புக்காகத் துணி என்பது போய், துணிக்காக உடம்பு என்று ஆகிவிட்டது" என்று ஒரு பெருமூச்சு விடுங்கள். எனக்கே இதன் பொருள் முழுசாகப் புரியவில்லை. ஆனால் சொன்ன இடத்திலெல்லாம் மரியாதை கிடைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. துணி போடக்கூடியதாக இருந்தால் அதைக் குற்றமாகச் சொல்ல வேண்டும். டியோர் இதற்கென்றே படைக்கப்பட்டது. அந்த வாரம் அதன் அப்போதைய வடிவமைப்பாளர் மரியா கிராட்சியா கியூரி, 1920களில் பாரிஸையே ஆட்டிவைத்த ஜோசஃபின் பேக்கரை நினைத்து, மேடைக்குப் போகுமுன் போர்த்திக்கொள்ளும் அங்கிகள், கசங்கல் வெல்வெட், குஞ்சங்கள் என்று அமைதியாகக் காட்டினார். "சப்பென்று இருக்கிறது" என்பது உலகத் தீர்ப்பு. நீங்களும் சொல்லலாம். சொல்லுமுன் சுவரைப் பார்த்துவிடுங்கள். ரோதான் அருங்காட்சியகத் தோட்டத்தில் போட்ட அந்தக் கூடத்தின் சுவர்களில் கலைஞர் மிக்கலீன் தாமஸ் உருவாக்கிய பெரிய பெண் உருவங்கள் இருந்தன. அவற்றில் எம்பிராய்டரி போட்டவர்கள் மும்பை சாணக்யா பட்டறையினரும், அவர்கள் நடத்தும் கைவினைப் பள்ளியில் பயின்ற பெண்களும். சப்பென்று இருந்ததாகச் சொன்ன கூடத்தில் மாதக்கணக்கான ஊசிவேலை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஷனெலில் அட்டையிலும் மரத்திலும் செய்த பெரிய மிருகங்களின் வயிற்றிலிருந்து மாடல்கள் இறங்கி வந்தார்கள். வாலண்டினோ ஒரு பாலத்துக்கு அடியில் நடனக்கூடம் போட்டது. இவை இரண்டுக்கும் "ஜாலியா இருந்துச்சு" போதும், மூளையைச் செலவழிக்காதீர்கள்.

தேசப்பற்று தனிப் பாடம். "நம்ம ஆள் பாரிஸ்ல!" என்று தொடங்க வசதியாக இரண்டு பெயர்கள்: 2020 ஜனவரியில் பாரிஸ் கூட்யூர் வாரத்தில் காட்டிய முதல் இந்தியர் ராகுல் மிஸ்ரா, 2023 ஜனவரியில் 'சூன்யா' என்ற தொகுப்புடன் அறிமுகமான கௌரவ் குப்தா. அந்தத் தொகுப்பின் பளீர் நீல உடையை அடுத்த மாதமே கார்டி பி கிராமி விழாவுக்கு அணிந்தார். பெருமைப்படுங்கள், தாராளமாக. யாராவது "அவர்கள் விருந்தினராக அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில்தானே இருக்கிறார்கள்?" என்று இழுத்தால், பாரிஸில் எந்தப் பெரிய நிறுவனத்தின் பாசிவேலைக்கும் மும்பையில் ஒரு முகவரி இருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லி வாயை அடையுங்கள். சென்னைக்காரராக இருந்தால் கூடுதல் சீட்டு ஒன்று கையில் இருக்கிறது. பாரிஸ் எம்பிராய்டரிக்குப் பெயர் போன லெசாஜ் குடும்பத்தின் பிள்ளை ஜான் பிரான்சுவா லெசாஜ், 1993-ல் சென்னைக்கு வந்து வஸ்த்ரகலா என்ற பட்டறையைத் தொடங்கினார். பாரிஸ்காரர் ஊசிக்காக இங்கே வந்திருக்கிறார். நாம் கருத்துக்காக அங்கே போகிறோம்.

துணிந்து 'அசிங்கம்' என்று சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சொல்லலாம், தேதி போடாமல். 1971 ஜனவரியில் இவ் சேன் லோரான், நாற்பதுகளின் போர்க்காலப் பாரிஸை நினைவூட்டும் தூக்கிய தோள், தலைப்பாகை, தடித்த செருப்பு, பச்சை நிற நரிரோமக் கோட்டு என்று ஒரு தொகுப்பு காட்டினார். பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. அந்தத் தோளும் அந்தச் செருப்பும் கொஞ்ச நாளில் தெருவெல்லாம் நடந்தன. 2015-ல் அந்த ஒரு தொகுப்புக்காக மட்டுமே பாரிஸில் கண்காட்சி வைத்தார்கள், பெயரிலேயே 'ஸ்கேண்டல்' என்று போட்டு. திட்டியவர்களின் கட்டுரைகள் இப்போது கண்காட்சிப் பொருள். எழுத்தில் திட்டினால் அருங்காட்சியகம் வரை தொடரும். வாயால் திட்டுவதே உத்தமம்.

என் சொந்தத் தேர்வு இந்த வழிகாட்டியில் ஒட்டாது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜான் பால் கோத்தியே 2020-ல் மேடையிலிருந்து விடைபெற்ற பிறகு, சில ஆண்டுகள் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வெளியாளைக் கூப்பிட்டுத் தன் கடையின் சாவியைக் கொடுத்துவந்தார். 2023 ஜனவரியில் சாவி ஹைடர் ஆக்கர்மன் கையில். கூம்பு மார்புக்கச்சு, மாலுமிக் கோடு என்று கோத்தியேயின் பழைய வேடிக்கைகளைத் தொட்டு ஒப்பேற்றாமல், வெட்டு, மடிப்பு, தோள் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அவர் சாதித்தார். மிருகமில்லை, தலைகீழில்லை. அதனால் அதைப் பற்றிப் பேச எந்த உத்தியும் கைகொடுக்காது. நல்ல தையலைப் பற்றி மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச ஊசி பிடித்தவரால்தான் முடியும்.

அப்படி ஒருவரிடம் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஆரி வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். கல்யாண சீசனில் பிளவுஸ் கைக்கும் முதுகுக்கும் ஜமிக்கி, மணி, ஜர்தோசி என்று இரவு பதினொன்று வரை சட்டத்துக்கு முன்னால் குனிந்திருப்பார். தாந்தேயை எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அவரிடம் சிங்கப் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினார். சிங்கத்தின் முகத்தைத் தாண்டி, அது துணியைத் தொடும் இடத்தில் போய் நின்றார்.

"இவ்ளோ கனத்தை எது தாங்குது? உள்ள என்ன கொடுத்திருக்காங்க?"

அந்த வாரம் முழுக்க நான் படித்த கருத்துகள் ஒன்றில்கூட இந்தக் கேள்வி இல்லை. கூட்யூர் மாலைக் கவுன்களுக்கு உள்ளே பெரும்பாலும் எலும்பு வைத்துத் தைத்த இன்னொரு இறுக்கமான கச்சு இருக்கும், வெளியே தெரிவதைத் தாங்குவது அதுதான், முதலில் காடாத் துணியில் முழுக் கவுனையும் வெட்டித் தைத்து ஆளின்மேல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் நல்ல துணியில் கத்தரி படும் என்றேன். "அதானே" என்றார். பாரிஸிலும் ஆரி மாதிரியே கொக்கி ஊசிதான், லூனெவில் என்பார்கள், ஆனால் துணியைப் புரட்டிப்போட்டு, மணியைக் கீழே நூலில் கோத்துவைத்துக்கொண்டு, மேலிருந்து குத்துவார்கள், போடும்போது மணி கண்ணுக்குத் தெரியாது, இடது கை அடியில் தடவித்தான் தெரிந்துகொள்ளும் என்றேன். கொக்கி ஊசித் தையல் ஐரோப்பாவுக்குக் கிழக்கிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் போனது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சட்டத்துக்கு அடியில் இடது கையை விட்டுக் கொஞ்ச நேரம் ஏதோ பார்த்தார். "பழகினா வரும். ஆனா தப்பு விழுந்தா முழுசும் முடிஞ்சப்புறம்தான் தெரியும்" என்றார்.

தாந்தேயைச் சொல்லச் சந்தர்ப்பமே வரவில்லை.

சரி, தேர்வுக்கு வருவோம். கொதித்தவர்கள், பாராட்டியவர்கள், மீம் போட்டவர்கள், இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்தவர்கள், எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஒரு மதிப்பெண். போனைப் பார்க்கக்கூடாது. கைலி ஜென்னரின் சிங்கத் தலை தைக்கப்பட்டிருந்த கவுன் என்ன நிறம், என்ன துணி?

விடை: கறுப்பு வெல்வெட்.