இழுவைமடிக்கு ஒரு வாழ்த்து

இழுவைமடியே, விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலையே, உன்னை வாழ்த்த ஒரு பாத்திரக்காரன் எதற்கு என்று கேட்காதே. அனுப்பர்பாளையத்தில் சின்னதாகப் பித்தளைப் பட்டறை வைத்திருக்கிறேன். குடம், தவலை, அண்டா, தை நெருங்கினால் பொங்கல் பானை. கடல் எங்களுக்கு ஒரு ராத்திரி பஸ் தூரம். இருந்தும் நாங்கள் உனக்குக் கடன்பட்டவர்கள். அதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரு பையன் குடியிருக்கிறான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தேவிபட்டினத்துக்கு வடக்கே கடலை ஒட்டிய ஊர்க்காரன். அவன் அப்பாவிடம் ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. பின்னால் பத்துக் குதிரைத்திறனுக்குள் ஓர் அவுட்போர்டு மோட்டார். மூன்று பேர் ஏறினால் நாலாவது ஆளுக்கு இடம் தேட வேண்டும். அந்த வள்ளத்தில் மே மாதம் பத்து நாள், ஜூன் கடைசியில் ஒரு வாரம் கடலுக்குப் போய்வந்தேன். உன் பெருமை முழுக்க எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மே மாதத்தில் நீ உறங்கிக்கொண்டிருந்தாய். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியதை 2017இல் 61 ஆக்கினார்கள். மீன் சினைப்பட்டு முட்டையிடும் காலம் என்பது கணக்கு. வள்ளத்துக்கும் நாட்டுப்படகுக்கும் அந்தத் தடை கிடையாது. சோழகக் காற்று அடிக்கும் அந்த இரண்டு மாதம்தான் வள்ளக்காரர்களுக்கு, எங்களுக்கு வைகாசி முகூர்த்தம் மாதிரி. நீ உறங்குவதே இத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்றால், உறக்கத்தில்கூட உபகாரம் செய்கிற பிறவி நீ.

விடியற்காலை மூன்று மணிக்கு வள்ளத்தைத் தள்ளுவார்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. முழங்கால் தண்ணீரில் கொஞ்ச தூரம் நடந்து ஏறி, கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் சாயங்காலம் போட்ட நண்டு வலைக்கு அடையாளமாக மிதப்பில் ஒரு கொடிக்கம்பு நிற்கும். விடிகிற வெளிச்சத்தில் அந்தக் கறுப்புத் துணி கண்ணில் படும்போது பையனின் அப்பா ஒன்றும் பேச மாட்டார். மோட்டாரை மட்டும் மெதுவாக்குவார்.

வலையை வாங்க வாங்க நண்டு வரும். கால் நீலம், ஓடு பச்சைப் புள்ளி. வலைக்கண்ணில் சிக்கின நண்டின் ஒவ்வொரு காலாகக் கழற்றுவதைப் பார்த்தேன். எங்கள் பட்டறையில் ஈயம் பூசுகிறவரின் விரல்தான் அப்படி ஓடும். ஒரு நண்டைத் திருப்பிக் காட்டினார். வயிற்று மடிப்பில் கடுகைவிடச் சின்ன முட்டைகள், ஆரஞ்சு நிறத்தில், ஒரு பிடி. அதைத் தனியாக வாளியில் போட்டார். இப்படி நாலு சேர்ந்ததும் நாலையும் கடலுக்குள் இறக்கி விட்டார்.

"ஏனுங்க, காசு போகுதுங்களே?" என்றேன்.

"காசு எங்கண்ணே போகுது? கடலுக்குள்ளதான கெடக்கு. பெத்துட்டு வரட்டும்" என்றார்.

இழுவைமடியே, இந்த மனிதரை உன்னோடு நிறுத்திப் பார்த்தால்தான் உன் உயரம் தெரிகிறது. இவருக்குப் பாரபட்சம் உண்டு. சினை நண்டு வேறு, சினையில்லாத நண்டு வேறு என்று பிரிப்பார். விரல் நீளக் குஞ்சைக் கண்டால் உதறிவிடுவார். உன்னிடம் அந்த வேற்றுமை கிடையாது. உன் அடியில் சங்கிலி, இரண்டு பக்கமும் வாயை விரித்துப் பிடிக்க இரும்பு அடித்த பலகை, பின்னால் சேர்த்துக் கட்டிய மடி. அதற்குள் தாயும் சமம், பிள்ளையும் சமம், பிறக்காததும் சமம். இப்படி ஒரு சமநீதியை எந்த மனிதனிடமும் நான் கண்டதில்லை.

உழைப்பிலும் உன்னை மிஞ்ச ஆளில்லை. எங்கள் கொங்கு நாட்டுக் குடியானவன் ஆடியில் ஓர் உழவு, புரட்டாசியில் ஓர் உழவு என்று நிறுத்திக்கொள்வான். இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பல காலமாக ஒரு முறை இருக்கிறது. அந்த மூன்று நாளும் நீ தரையை உழுகிறாய். கடல்தாழையும் கடற்புல்லும் வேரோடு வருகின்றன. அந்தப் புல்லைத் தின்றுதான் ஆவுளியா என்கிற கடல்பசு பிழைக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே 2022 செப்டம்பரில் அரசு காப்பகமாக அறிவித்தது. உழவன் உழுதால் விதைக்கவும் வேண்டும். அந்தப் பாதி வேலையை நீ யாருக்கும் மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 14 நள்ளிரவுக்காக ஊரே காத்திருக்கும் என்று பையன் சொன்னான். நான் இரண்டாம் முறை போனது அதற்குப் பத்து நாள் கழித்து. முதல் நடை இறாலும் கணவாயும் கூடை கூடையாக வந்தன என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 61 நாள் கடல் சேர்த்து வைத்ததை இரண்டு மூன்று நடையில் கரையில் கொட்டிவிடும் சாமர்த்தியம் உனக்கு மட்டும்தான் உண்டு.

நாலாம் நாள் காலை நாங்கள் கொடிக்கம்பைத் தேடினோம். காணவில்லை. மோட்டாரை அணைத்து, கை நிழலில் பார்த்து, மறுபடி ஓட்டி, ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். கரையிலிருந்து குறிப்பிட்ட எல்லைக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் வருட மீன்பிடிச் சட்டத்தின்படி உள்ள ஏற்பாடு. எங்கள் வலை அந்த எல்லைக்குள்தான் கிடந்தது. கடைசியில் கிடைத்தது ஒரு பந்து: வலைத்துண்டு, ஈயக்குண்டு, பிடுங்கின புல் எல்லாம் சேர்ந்து திருகின ஒரு முடிச்சு. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு எங்காவது முழுக்கண் தேறுமா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வள்ளத்தின் அடியில் போட்டுவிட்டு மோட்டாரைக் கிளப்பினார். எந்தப் படகு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோடு போட்டால் தாண்டாத கோழைகளின் உலகத்தில், சட்டத்தின் கோட்டையே தரையோடு சேர்த்து இழுத்துப் போகிற தைரியசாலி நீ.

அன்றைக்குச் சாயங்காலம் விசைப்படகு கரை பிடிக்கும் துறைக்குக் கூட்டிப் போனான் பையன். இறால் பெட்டியில் ஐஸ் போட்டு ஏறிவிட்டது. மிச்சத்தை ஒரு பக்கம் குவித்திருந்தார்கள். சங்காயம் என்று அதற்குப் பெயர். ஒரு கை அள்ளிப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தளவு நண்டு மூன்று. காரல் குஞ்சு, நகரைக் குஞ்சு, கண்ணாடி மாதிரி உடம்பு தெரிகிற கணவாய்க் குஞ்சு. அடியில் ஒரு கடல்குதிரை, என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. வால் சுருண்டே இருந்தது. பக்கத்தில் காய்ந்த மடியின் பின்பகுதியை விரித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி நுழையவில்லை. எங்கள் ஊர் நெட் பனியன் துணியில்கூட இதைவிடக் கண் பெரிது.

சங்காயம் காய்ந்து கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் பண்ணைகள் வரைக்கும். ஒன்றையும் வீணாக்காத சிக்கனம் உன்னுடையது என்று வாழ்த்தத்தான் வேண்டும். பாத்திரத் தொழிலிலும் நாங்கள் ஒன்றையும் வீசுவதில்லை. வெட்டில் விழுகிற பித்தளைத் துணுக்கைப் பெருக்கி எடுத்து உருக்குக்கு அனுப்பினால் மறுபடி தகடாகி வரும். நகத்தளவு நண்டை எந்த உலையில் போட்டால் மறுபடி நண்டாகும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ பெரிய தொழில்காரன்.

உன் உறவுப் பற்றையும் சொல்ல வேண்டும். நாட்டின் கடல் எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள். அவர்களும் தமிழர்கள்தான். போரில் வருடக்கணக்காகக் கடலைத் தொட முடியாமல் கிடந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினவர்கள். அந்த வலைகளையும் நீ நம் வள்ளக்காரர் வலையைப் போலவே அள்ளிப் போகிறாய். உனக்கு அங்கும் இங்கும் ஒன்றே. இழுவைமடி தங்கள் படகுகளுக்கே வேண்டாம் என்று 2017இல் இலங்கை சட்டம் போட்டது. நீ அசரவில்லை. உன்னோடு ராத்திரிக் கடலுக்குப் போகிற கூலி ஆட்களைத்தான் கடற்படை பிடிக்கிறது. அவர்கள் ஜெயிலில் கிடக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆட்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிறு அவர்களை ஏற்றி விடுகிறது.

நீயாகவும் இந்தக் கடலுக்கு வரவில்லை. நார்வேயோடு இந்தியா 1952இல் ஒப்பந்தம் போட்டுக் கேரளத்தில் நீண்டகரைப் பக்கம் ஆரம்பித்த திட்டம், விசைப்படகையும் இழுவைமடியையும் நம் கரைகளில் பழக்கியது. இறாலுக்கு வெளிநாட்டில் டாலர் கிடைத்ததும் மானியம் கொடுத்து உன்னை வளர்த்தார்கள். மறுபடி உன்னை ஆழ்கடலுக்கு மாற்றவும் 2017இல் ஒரு திட்டம் வந்தது: 80 லட்ச ரூபாய்ச் சூரைப் படகு, அதில் நூற்றுக்கு எழுபது மானியம். சொன்ன எண்ணிக்கையை அது எட்டவே இல்லை.

டாலர் என்றால் எங்களுக்குப் புரியும். எங்கள் ஊரும் டாலருக்காகத்தான் நொய்யல் ஆற்றைச் சாயத்துக்குக் கொடுத்தது. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கு என்று அணை கட்டினார்கள். அதில் தேங்கினது சாயத்தண்ணீர். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று கேட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஊர் நின்று திரும்பிப் பார்த்தது. ஆற்றைக் கெடுத்த ஊர்க்காரனாகச் சொல்கிறேன்: அந்தக் கரையோர எல்லையையாவது அரசு காவல் காக்கட்டும். மடியின் கண்ணைத் துறைமுகத்திலேயே அளந்து பார்க்கட்டும். நீதிமன்றம் சொல்கிற வரைக்கும் காத்திருந்தால் என்ன மிஞ்சும் என்று எங்கள் அணையைப் பார்த்தால் தெரியும்.

உனக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்றேனே, அதைச் சொல்லி முடிக்கிறேன். பட்டறைக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது எங்களுக்குப் பல வருடப் புலம்பல். உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் கொட்டவும் பாலிஷ் போடவும் வருவதில்லை. அந்தக் குறையை நீ தீர்த்து வைத்தாய். ஆடி பிறப்பதற்கு முன்னால், கிழிந்த நண்டு வலைக்குப் பதில் புது வலை வாங்க என்னிடம் முன்பணம் கேட்டார் பையனின் அப்பா. கொடுத்தேன். அதைக் கழிக்க அவருடைய இளைய மகன் வந்திருக்கிறான். பதினெட்டு வயது. காற்று மாறுவதை முகத்தில் உணர்ந்து சொல்கிற பிள்ளை. இப்போது காலை எட்டு மணிக்கு மூக்கில் துணி கட்டிக்கொண்டு என் பட்டறையில் பாலிஷ் மெஷின் முன்னால் உட்காருகிறான்.